தங்கராஜ் உட்கார்ந்த பெஞ்சு

போன வாரம் ஆவண அறையில் பழைய கட்டொன்றைப் பிரித்தபோது தூசியோடு ரப்பர் ஷீட்டின் புகைவாசமும் கிளம்பியது. யாரோ தோட்டத்துச் சாக்கில் பொதிந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ராஜா காலத்துக் கடிதங்கள். இங்கே திருடிவிட்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி வெள்ளைக்காரன் சீமைக்குள் ஓடியவனைத் திருப்பிக் கேட்டுச் சில. இங்கிருந்து நாடுகடத்தியவனை அங்கே தள்ளிவிட்டதாகச் சில. ஒன்றில், கைதியை ஒப்படைத்த இடம் எல்லைக்கல்லிலிருந்து எத்தனை அடி என்று அளந்தே எழுதியிருந்தார்கள். அப்போதுதான் அளந்து பார்க்கும் யோசனை வந்தது. கூடவே தங்கராஜ் அண்ணனின் நினைப்பும் வந்தது.

என் வக்கீல் கோட்டு புதிதாக விறைத்துக்கொண்டிருந்த காலம் அது. கேட்காதவர்களுக்கும் பதில் சொல்வேன். தங்கராஜ் களியக்காவிளைப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர். மனைவியும் மகள் ஷைனியும் எல்லைக்கு அப்பால், கேரளத்துப் பாறசாலையில். அங்கே ஓர் அடிதடியில் சிக்கியவரை, ஓராண்டு அந்த மாவட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டு இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ராஜா காலத்தில் பாறசாலையும் நாமும் ஒரே நாடு, கிழக்கேதான் அந்நியம் என்று அவரிடம் உற்சாகமாக விளக்கினேன்.

"அப்பம் நான் பொறக்கப் பிந்திப்போச்சு சாரே" என்றார்.

ஞாயிறுதோறும் எல்லையோரச் சாயாக்கடையில் மூவரும் பார்த்துக்கொள்வார்கள். அடுப்பு தமிழ்நாடு, வாசல் பெஞ்சு கேரளம் என்பது கடைக்காரர் சுகுமாரனின் கணக்கு. ஷைனி பெஞ்சில் பழம்பொரி தின்பாள். இவர் அடுப்போரம் நின்றபடி சாயா குடிப்பார். நடுவே நாலடி.

"அப்பா, இஞ்ச வந்து இரி."

"அப்பாக்கு முதுகுவலி மக்கா, இருக்க ஒக்காது."

எனக்குப் பொறுக்கவில்லை. கடையைத் தாண்டி ஓடும் ஓடைதான் எல்லை என்று ஊரே சொல்கிறது. பெஞ்சு ஓடைக்கு இந்தப் பக்கம். "தைரியமா உட்காருங்க அண்ணே" என்றேன்.

"எல்லைக்கல்லு கெடக்கது வேற எடம் வக்கீலே. நீ பாத்தியா?" என்றார் சுகுமாரன்.

பார்க்கவில்லை.

தங்கராஜ் உட்கார்ந்தார். ஷைனி மடியில் ஏறிக்கொண்டாள். சாயா ஆறுவதற்குள் அந்தப் பக்கத்து போலீஸ் ஜீப் வந்துவிட்டது. சில மாதம் உள்ளே இருந்தார். ஓராண்டு எப்போதோ முடிந்தும், உத்தரவை மீறிய வழக்கு முடியவில்லை. ஜாமீன் நிபந்தனையிலும் அதே தடை. வாய்தாவுக்கு மட்டும் போய்வரலாம். ஷைனிக்கு இப்போது மடியில் ஏறும் வயதில்லை.

சாலையை அகலப்படுத்தியதில் கடை போயிற்று. ஓடை மண்ணுக்குள். கல்லை எந்த டிப்பர் அள்ளிப்போனதோ. எதிரிலிருந்த அயனிமரம் மட்டும் நிற்கிறது. மரத்திலிருந்து கல் எத்தனை அடி என்பது பழைய அளவுப்படத்தில் இருக்கும். பெஞ்சு எத்தனை அடி என்பது சுகுமாரனுக்குத் தெரியும். பெஞ்சு இந்தப் பக்கம் என்று வந்தால் வழக்கு நிற்காது. அந்தப் பக்கம் என்று வந்தால், அவரை மாட்டிவிட்டவன் நான்தான் என்பது அளந்தே உறுதியாகிவிடும்.

படத்தின் நகல் நாளைக் காலையில் கிடைக்கும். தங்கராஜைப் போனில் கூப்பிட்டு, அளக்க வரச் சொன்னேன்.

"வாறேன் சாரே. நான் எங்க நிக்கணும்?"

மரத்துக்கு இந்தப் பக்கம் என்று வாய்வரை வந்துவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.