அத்தை சொன்ன பெயர்

மாமா எங்கள் பக்கத்தில் பெரிய தலைவர். வெள்ளைக்காரன் காலத்தில் மூன்று தடவை ஜெயிலுக்குப் போனவர். அப்போதெல்லாம் வீட்டையும் வயலையும் வக்கீலையும் பார்த்துக்கொண்டவள் அத்தை. அதற்காக அவளுக்கு யாரும் மாலை போடவில்லை. சுதந்திரம் வந்து நடந்த முதல் தேர்தலில் மாமா சங்கரன்கோவிலில் நின்றபோது, பெண்களிடம் ஓட்டுக் கேட்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

அதில் ஒரு சிக்கல். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அத்தை வாயே திறக்கமாட்டாள். சொல்வதற்கென்றே எட்டு வயதுக்காரியான என்னைக் கூட்டிப் போனாள். ஏணிச் சின்னத்தை அவள் சொல்லுவாள்; பெயரை நான். பெரிய உத்தியோகம் கிடைத்த மிதப்பில் திரிந்தேன்.

பனவடலிசத்திரத்தில் கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தரவில்லை என்று எனக்குக் கோபம். கூடியிருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்:

"ஏணி கெடக்கட்டும். ஆருக்குப் போடணும்? பேரைச் சொல்லுங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் வாயை இறுக்கிக்கொண்டேன்.

"ஏட்டி, சொல்லு."

சொல்லவில்லை. தொடையில் கிள்ளினாள், அப்போதும் சொல்லவில்லை. அத்தைக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில், "எம்பேரு கோமதி. எனக்குப் போடுததா நெனச்சுப் போடுங்க" என்றாள். அத்தைக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாமா சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அந்தக் காலத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓட்டுப்பெட்டி. மாமாவின் ஏஜெண்டாக இருந்த அண்ணாச்சி வீட்டுக்கு வந்து கத்தினார்.

"பனவடலியில பொம்பளைக வரிசையில நின்னு, கோமதியம்மா பெட்டி எதுன்னு கேட்டிருக்காளுவ! அப்படி ஆரும் நிக்கலன்னு ஆபீசர் சொல்லவும், அப்ப எங்க ஓட்டு ஆருக்கும் கெடையாதுன்னு திரும்பிப் போயிட்டாளுவ!"

மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எல்லாம் என்னால்தான். அத்தையின் மடியில் முகம் புதைத்து அழுதேன். அவள் என் முதுகைத் தடவியபடி கேட்டாள்:

"எத்தனை பேரு கேட்டாளுவ, அண்ணாச்சி?"

"நாப்பது அம்பது இருக்கும்."

முதுகைத் தடவிய கை நின்றது.

"எம்பேரைச் சொல்லியா கேட்டாளுவ?"

அவர் மறுபடியும் எரிச்சலோடு சொன்னார். அத்தை இன்னொரு தடவையும் அதையே கேட்டாள். துக்கத்தில் பாவம், அவளுக்குக் காது அடைத்துவிட்டது என்று நினைத்து நான் இன்னும் பலமாக அழுதேன்.