கேரவனில் வந்தவர்

நியூசிலாந்தின் பக்குரங்காவில், எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் தன் மகளைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர், தன் கேரவனை ஒரு வாரம் வாசலில் நிறுத்தியிருந்தார். பென்சன் எடுத்ததும் வீட்டை விற்றுவிட்டு, மனைவியோடு அந்தப் பெட்டிக்குள்ளேயே குடியிருந்து நாடு சுற்றுகிறவர். குளிரிலும் அரைக் காற்சட்டைதான். முழங்கால் இரண்டும் தக்காளிப்பழம். எதைக் கண்டாலும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஒருநாள் எங்கள் கொடியில் காய்ந்த சேலையைக்கூடக் காட்டினார். அந்த அம்மாவும் ஓடிவந்து பார்த்தார்.

வீட்டுக் கடனுக்கு மோட்கேஜ் கட்டிக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. "இதற்குள்ளே சண்டை வந்தால் எங்கே போவீர்கள்?" என்று கேட்டேன்.

"வெளியேதான். நியூசிலாந்து முழுக்க இருக்கிறதே," என்றார். "மழை பெய்தால் மட்டும் சமாதானம்."

என் மனைவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து வந்தாள். "இஞ்சாருங்கோ, நாங்களும் உப்பிடி ஒண்டு வாங்குவமே?"

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "உம்மட அரிசி மூட்டைக்கே தனியா ஒரு கேரவன் வேணும்."

"அரிசியை விடுங்கோ. நாள் முழுக்க அதுக்குள்ள இருந்து என்னோட என்ன கதைப்பியள்?"

நாலு பேர் கூடினால் ஓயாமல் பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிற நான், கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்கத் தொடங்கினேன். ஆளுக்கொரு அறையில் டிவி பார்ப்பதால் இந்தக் கேள்வி அதுவரை எங்கள் வீட்டில் எழுந்ததேயில்லை.

அந்த மனுசன் மனைவியோடு அப்படி என்னதான் கதைப்பார்? கேட்டு வைத்துக்கொள்ளலாமென்று மறுநாள் விடிந்ததும் படுக்கையில் உடுத்திருந்த சாரத்தோடேயே ஓடினேன். கேரவன் போய்விட்டிருந்தது.

இப்போதும் ரோட்டில் கேரவனை இழுத்துப்போகும் காரைக் கண்டால், ஓட்டுகிறவரின் வாய் அசைகிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.