மூன்றாவது பூட்டு

கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் வந்தால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவனுக்கும் கேட்கும். வாயாடி, சண்டைக்காரி என்று ஊர் அவளுக்குப் பட்டம் கட்டி வருஷக்கணக்காகிறது. கட்டட்டும். வாயை மூடிக்கொண்டிருந்த நல்லவர்கள் எல்லாம் ஊருக்கு என்ன கிழித்தார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஓடை ஓரமாக அவளுக்கு ஒன்றரைக் காணி நிலம். ஊரிலேயே பள்ளமான நிலம். மழைத் தண்ணீரெல்லாம் அந்த ஓடை வழியாகத்தான் கழுவெளிச் சதுப்புக்குப் போய்க் கடலில் சேரும். கடல் ஏறுகிற நாளில் உப்புத்தண்ணீர் அதே ஓடையில் திரும்பி வரும். வயலுக்குள் அது வராமலிருக்க வயல்காரர்கள் மண்ணைக் கொட்டி ஓடையை அடைப்பார்கள். அக்கரை நெடுக உப்பளம்; உப்பளத்துக்காரர்களுக்கு அந்தத் தண்ணீர்தான் பிழைப்பு, ராவோடு ராவாக வெட்டிவிடுவார்கள். பக்கத்து ஊர் அனுமந்தை மீனவர்களுக்கு இறாலும் மீனும் ஏறி இறங்க வழி வேண்டும், அவர்களும் வெட்டுவார்கள். பெருமழையில் பயிர் முழுகினால் அடைத்த வயல்காரர்களே வெட்டுவார்கள். நான் வெட்டவில்லை என்று எல்லாரும் சாமி மேல் சத்தியம் செய்வார்கள்.

ஒரு வருஷம் அப்படி யாரோ வெட்டியதில் அவள் நிலம் உப்பில் வெந்துபோனது. நாற்று கருகியது, மண் வெளுத்தது, அதற்குப் பிறகு அங்கே புல்கூட முளைக்கவில்லை. புருஷன் குப்புசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவள் உட்காரவில்லை. உப்பளத்து முதலாளி கண்ணாயிரத்தின் வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றினாள். அனுமந்தைக்குப் போய்த் தொண்டை கட்டும்வரை கத்தினாள். பிறகு அரசாங்க அலுவலகத்துப் படியேறினாள். அங்கே இருந்தவர் "மனு எழுதிக் குடும்மா" என்றதும் முந்தானையில் முடிந்து வந்த வயல் மண்ணை அவர் மேசையில் கொட்டி, "வாயில வச்சுப் பாருங்க" என்றாள்.

அந்தச் சத்தத்துக்கோ வேறு எதற்கோ, ஓடையில் கான்கிரீட் கட்டி இரும்பு ஷட்டர் வைத்தார்கள். கூடவே ஒரு கூட்டமும் போட்டார்கள். 'அனைத்துப் பங்குதாரர்கள் கலந்தாய்வு' என்று பேனர், ஏசி ஹால், டீ, பிஸ்கட். வயல்காரர், உப்பளத்துக்காரர், மீனவர் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து, மண்ணும் தண்ணீரும் நாளைக்கும் இருக்க வேண்டுமென்று படம் போட்டுக் காட்டினார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் ஷட்டரை ஏற்றி இறக்குகிற கைப்பிடி யாரிடம் இருப்பது என்று வந்தபோது நாற்காலி பறந்தது.

"கோயில் உண்டியலுக்கு எப்பிடிய்யா பூட்டுறீங்க?" என்று எழுந்தாள் கொளஞ்சியம்மாள். "ஒருத்தன் மேல ஒருத்தனுக்கு நம்பிக்கை கெடையாது. அதனாலதான மூணு பூட்டு போட்டு மூணு பேருகிட்ட சாவி குடுக்குறீங்க? இதுக்கும் அப்பிடியே போடுங்க. மூணு பேரும் வந்து நின்னாத்தான் தொறக்கணும். கூப்ட்டா வரணும். எழவு வூட்ல இருந்தாலும் வரணும்."

அப்படியே ஆனது. வயல்காரர்களின் சாவி அவளிடம், மீனவர்களின் சாவி அனுமந்தை ராஜவேலிடம், உப்பளச் சாவி கண்ணாயிரத்திடம். மூன்று பேரும் ஷட்டர் மேடையில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று பூட்டைத் திறப்பார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் வேலை நடந்தது. கோடையில் உப்பளத்துக்கு வேண்டிய தண்ணீர் ஏறியது. மீனுக்கு வழி கிடைத்தது. மழை கழுவக் கழுவ உப்பு இறங்கி, அவள் நிலத்தில் மறுபடியும் சம்பா தழைத்தது. அதைப் பார்த்து அவள் யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

அந்தக் கார்த்திகையில்தான் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியதில் பயிர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. ஷட்டரைத் திறந்தால்தான் வடியும், இல்லாவிட்டால் அழுகிவிடும். போன் பண்ணியதும் ராஜவேல் நனைந்துகொண்டே பைக்கில் வந்துவிட்டான். கண்ணாயிரத்தின் போன் சுவிட்ச் ஆஃப். ஆள் அனுப்பிக் கேட்டால் அவன் வாட்ச்மேன் சொல்கிறான்: "முதலாளி பாண்டிச்சேரில இருக்காரு. ஷட்டருக்குக் கீழ உப்பு குமிச்சு வச்சிருக்குது. லாரி வந்து ஏத்தினப்புறம் வர்றேன்னு சொல்லிட்டாரு."

"அவன் உப்புக்குத் தார்ப்பாய் இருக்குது, என் பயிருக்கு என்னா இருக்குது?" என்று அவள் போட்ட கூச்சலில் கரை முழுக்க ஆள் கூடியது. குப்புசாமி கடப்பாரையோடு வந்தார். அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அவள் மேடை ஏறினாள்.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தோணியம்மாள் ஓடி வந்தாள். கண்ணாயிரத்தின் உப்பளத்தில் கூலிக்கு உப்பு சுமக்கிறவள்.

"யக்கா, தொறக்காத! கீழ எங்க வூடுங்க இருக்குது!"

இருந்தது. ஷட்டருக்கு நேர் கீழே கூலிக்காரர்களின் குடிசைகள் வரிசையாக இருந்தன. மண் கரையை வெட்டிய காலத்தில் தண்ணீர் அகலமாகப் பரவிப் போய்விடும். இப்போது ஷட்டரைத் தூக்கினால் மொத்த வெள்ளமும் நேராக அந்தக் குடிசைகள் மேல் பாயும். வெள்ளத்தில் அதைத் திறக்கவேண்டி வந்தது இதுதான் முதல் தடவை.

"இத்தன நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? கூட்டத்துல வந்து சொல்றதுக்கு என்னாடி கேடு?"

"எந்தக் கூட்டம்? எங்கள யாரு கூப்ட்டாங்க? உப்பளம்னா முதலாளின்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

கொளஞ்சியம்மாளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்த ஹாலில் அவளும்தானே உட்கார்ந்திருந்தாள்? மூணு பூட்டு என்று வாய் கிழியப் பேசியவள் அவள்தானே? வந்த கோபத்தை யார் மேல் கொட்டுவதென்று தெரியாமல் கரையில் நின்றவர்கள் மேல் கொட்டினாள். "வேடிக்கை பாக்கவா வந்தீங்க? போங்கய்யா! புள்ளைங்க, ஆடு, சட்டி பானை எல்லாத்தையும் மேட்டுக்கு ஏத்துங்க!"

வயல்காரர்கள் குடிசைகளுக்குள் புகுந்து சாமான்களைச் சுமந்து மேட்டுச் சர்ச்சுக்குக் கொண்டுபோனார்கள். கடைசி ஆடும் மேடேறிய பிறகு அவளும் ராஜவேலும் தங்கள் பூட்டுகளைத் திறந்தார்கள். கண்ணாயிரத்தின் பூட்டை அவள் கடப்பாரையால் அடித்து உடைத்தாள். மேட்டு வயல்கள் பிழைத்தன. அவளுடையது பள்ளம், கடைசியில்தான் வடிந்தது. பாதிக்கு மேல் அழுகிப்போனது.

மழை விட்டதும் அதே ஹாலில் கூட்டம். அதே பிஸ்கட். "பூட்ட ஒடச்சவகிட்ட சாவி இருக்கக்கூடாது" என்றான் கண்ணாயிரம். பாண்டிச்சேரியில் போனை அணைத்துப் போட்டவன் ஒழுங்கு பேசுகிறான்! "சுமுகமாப் போங்கம்மா" என்றார் ஓர் அதிகாரி.

கொளஞ்சியம்மாள் மடியிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்து மேசை மேல் டங்கென்று வைத்தாள். "ஒடச்சது நான்தான். அதுக்குப் பதிலா வேற வாங்கியாந்துட்டேன். சாவி இவகிட்ட இருக்கும்." வாசலில் நின்றிருந்த அந்தோணியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"இவ யாரு? இவளுக்கு அங்க என்னா சொத்து இருக்குது?" என்றான் கண்ணாயிரம்.

"தொறந்தா முழுகுறவ. உனக்குச் சாவி வேணும்னா நாலாவதா ஒரு பூட்டு போட்டுக்க. கூப்ட்டா மட்டும் வந்து சேரு."

ராஜவேல் "சரிதான்" என்றான். பரிசீலிப்பதாக அதிகாரிகள் சொன்னார்கள். அவர்கள் பரிசீலித்து முடிப்பதற்குள் பூட்டு ஷட்டரில் தொங்கியது. குடிசைக்காரர்களுக்கு மேட்டில் இடம் தருவதாகவும் அன்றைக்குச் சொன்னார்கள். அந்த இடத்தை இன்றுவரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

அடுத்த கார்த்திகையிலும் மழை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அவள் வயல் முழுகத் தொடங்கியது. ராஜவேல் வந்தான். மேலிடத்தில் யாரோ சத்தம் போட்டார்களாம், கண்ணாயிரம்கூட நாலாவது பூட்டின் சாவியோடு வந்தான். அந்தோணியம்மாள் மட்டும் கீழேயே நின்றாள்.

"சாவி எங்கடி?"

"இடுப்புலதான் இருக்குது. இப்பத் தொறக்க மாட்டேன். இன்னும் நாலு வூடு காலி பண்ணணும். எங்க மாமியா எழுந்துக்க முடியாம கெடக்குது. பொறு, யக்கா."

பொறுக்க வேண்டுமாம்! கண்ணெதிரே கதிர் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தோணியம்மாளை, அவள் பரம்பரையை, மழையை, சர்க்காரை, இடம் தருகிறேன் என்றவர்களை, கொளஞ்சியம்மாள் ஒருத்தரையும் விடவில்லை. குப்புசாமி மெல்ல வந்து கடப்பாரையை அவள் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"எடுத்துக்கினு போய்யா அந்தாண்ட!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையிலிருந்து இறங்கினாள். குடிசைக்குள் குனிந்து போய், கிழவி படுத்திருந்த கயிற்றுக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். மறுமுனையை அந்தோணியம்மாள் பிடித்தாள். மேடு ஏறி முடிக்கும்வரை கொளஞ்சியம்மாள் அவளைத் திட்டிக்கொண்டேதான் போனாள்.