அண்ணாவின் கசற்றில் மிச்சமிருந்தவர்கள்

அண்ணா அனுப்பிய கசற்றில் அவனுடைய குரல் பதினைந்து நிமிடம்தான் இருந்தது. ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் அவனைப் பனி கொட்டும் ஏதோ ஒரு நகரத்தில், ஒரு அறைக்குள் பத்துப் பேரோடு விட்டிருந்தான். அங்கிருந்து கொழும்புக்கு வந்த ஒருவர், வெள்ளவத்தையில் நானும் அம்மாவும் தங்கியிருந்த லொட்ஜில் கசற்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் இப்படிப் பேசித்தான் அனுப்புவார்கள்.

“அம்மா, நான் சுகமா இருக்கிறன். யோசிக்காதேங்கோ. இஞ்சை சரியான குளிர். தங்கச்சியைப் படிக்கச் சொல்லுங்கோ.” இப்படியே போய், ‘டக்’ என்று ஒரு சத்தம். உடனே ஒரு பாட்டின் நடுவிலிருந்து ட்றம்ஸ், கிற்றார், ஆங்கிலத்தில் ஒருவனுடைய கத்தல். யாரோ கேட்டுத் தீர்த்த பாட்டுக் கசற்றின் மேல் அண்ணா பேசியிருந்தான். நான் நிறுத்தப் போனேன்.

“நிப்பாட்டாதை. பாட்டு முடிய இன்னும் கதைப்பான்” என்றாள் அம்மா.

முடியும்வரை கேட்டோம். திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் கேட்டோம். அவன் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. ஆறு மாதம் போனது, ஒரு வருடம் போனது. ஏஜென்சிக்காரன் தொலைபேசியை எடுப்பதில்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் அம்மா கசற்றைப் போடுவாள். பாட்டுக்குள் எங்கேயாவது அவன் ஒரு சொல் சொல்லியிருப்பான், நாங்கள்தான் கவனிக்கவில்லை என்று அவளுக்கு எண்ணம். அவளுடைய காது முழுக்க அங்கேதான். என் பரீட்சை முடிவைச் சொன்னபோதும் “ம்” என்றுவிட்டு ரேப் ரெக்கோடரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பாட்டுக்காரர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. வேண்டாத மருமகள் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பார்களே, அப்படித்தான். உரக்கப் பாடினால் பேய்க்கூத்து, மெதுவாகப் பாடினால் ஒப்பாரி.

ஆனால் அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஒரு ஞாயிறு, மழைக்காற்று யன்னல் சீலையை உள்ளே தள்ளிக்கொண்டிருக்க, அரைத்தூக்கத்தில் கிடந்தேன். கத்தலுக்கு அடியில் கனத்த ஓசையுள்ள கிற்றார் ஒன்று தன்பாட்டில் நடந்துபோவது முதன்முதலாகக் கேட்டது. கடற்கரைப் பக்கம் ரயில் போனது. எது ரயில், எது கிற்றார் என்று பிரிக்க மனம் வரவில்லை. மறுபக்கத்தின் கடைசிப் பாட்டில் அந்த மனிதன் கத்துவதை விட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டே தனக்குள் பேசுகிறவன் போலப் பாடினான். அந்தப் பாட்டு முடிந்தும் நான் எழும்பவில்லை. அறை மெல்ல மிதந்துகொண்டிருந்தது.

சண்டைக் காலம்; ஒருநாள் தமிழர் தங்கியிருந்த எங்கள் லொட்ஜைச் சோதிக்கப் பொலிஸ் வந்தது. ஒருவர் ரேப் ரெக்கோடரை அமத்திப் பார்த்தார். நல்ல காலம், அண்ணாவின் குரல் வரவில்லை, பாட்டுத்தான் வந்தது. தலையை ஆட்டிக் கொஞ்ச நேரம் கேட்டு, “ஹொந்த சிந்து”, நல்ல பாட்டு என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மாவும் அவர்களை “நல்ல பொடியள்” என்றாள்.

பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியில் இருந்த கசற் கடையில் போய் நான் வெட்கத்தை விட்டு அந்தப் பாட்டை முணுமுணுத்துக் காட்டினேன். கடைக்காரர் சிரித்து, அவர்களுடைய வேறு பாட்டுகளையும் பதிந்து தந்தார். பிந்திய பாட்டுகளில் அவர்களுடைய அவசரம் குறைந்திருந்தது. எனக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் பிடிக்க ஒவ்வொரு வருடம் எடுத்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா எப்போது பேசி முடிப்பான் என்று நான் காத்திருக்கத் தொடங்கியிருந்தேன். உயிரோடு இருக்கிறானோ என்றே தெரியாத ஒருவனின் குரல் அது. என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஐந்தாவது வருடம் ஒரு பின்னேரம் தொலைபேசி வந்திருக்கிறது என்று லொட்ஜ் மனேஜர் கீழேயிருந்து கூப்பிட்டார். அண்ணாதான். எங்கேயோ பிடிபட்டு இத்தனை காலமும் உள்ளே இருந்தவனாம். அம்மா அழுது முடித்து, “உன்ரை பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம், ராசா” என்றாள். நானும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“எந்தப் பாட்டு? அது அந்த அறையிலை கிடந்த கசற், அம்மா. ஆரின்ரையெண்டும் தெரியாது. நான் அதைக் கேட்டதேயில்லை.”

அடுத்த ஞாயிறு அம்மா கசற்றைத் தொடமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ எடுத்துப் போட்டு, அண்ணாவின் பதினைந்து நிமிடத்தையும் ஓடவிட்டு, பாட்டுத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப இவ்வளவு காலமும் நான் உன்னோடைதான் இருந்து கேட்டிருக்கிறன்” என்றாள். “வா, இதிலை இரு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து வருடத்தில் அவள் என்னைத் தன் பக்கத்தில் இருக்கச் சொன்னது அன்றுதான்.