ட்ரம் தண்ணீரில் வெந்த திராட்சை

கடை ஜாம் தின்றால் என் பெண்ணுக்கு வாயைச் சுற்றித் தடித்துவிடும். கலர் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ் விடியும்போதே தெருமுனைக்கு வந்து நிற்கும். தையல் லைனில் நான் தாமதமாகப் போனால் மேஸ்திரியிடம் பேச்சு வாங்க வேண்டும். அதனால் இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு ரொட்டியும் ஜாமும்தான் பள்ளிக்கூட டப்பா. ஜாம் இல்லாத ரொட்டி கடிக்காமலே திரும்பி வந்தது. ஒரு வாரமாக அப்படித்தான். பசித்த முகத்தோடு அவள் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே செய்வது என்று அடுப்பைப் பற்ற வைத்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பன்னீர் திராட்சையைக் கழுவி, அதன் சாற்றிலேயே வேகவிட்டு, மசித்து, கொட்டையை வடிகட்டி, நாட்டுச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கிளற வேண்டும். தட்டில் ஒரு சொட்டு விட்டால் ஓடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கலர் பொடி இல்லை, எசன்ஸ் இல்லை. பெண் ஸ்பூனோடு அடுப்படியிலேயே நின்றாள்.

ஓரகத்தி வந்திருந்தாள். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நெமிலிப் பக்கம் பயிர் வைத்துப் பிழைக்கிறவள்; எங்கள் வீட்டுக்கு அதுதான் முதல் தடவை. அவளைக் கிளறச் சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் அவள் கையில் சொம்பு.

“அடி புடிக்கிற மாதிரி இருந்துச்சுக்கா. கொஞ்சம் தண்ணி ஊத்தனேன்.”

“எந்தத் தண்ணி?”

வாசல் பக்கம் இருந்த நீல ட்ரம்மைக் காட்டினாள்.

அது போர்வெல் தண்ணீர். எங்கள் தெருவில் அதில் பாத்திரம் துலக்குவோம், தரை துடைப்போம். பிடித்து வைத்தால் மஞ்சளாகும், மேலே ஏடு கட்டும். வாய்க்குள் போகிற எதற்கும், அரிசி களையக்கூட, கேன் தண்ணீர்தான். இங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும்.

“அறிவு இருக்குதா உனக்கு? இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்க!” என்று கத்தினேன்.

அவள் மிரண்டுவிட்டாள். “தண்ணி தானேக்கா? வீட்ல புடிச்சி வெச்ச தண்ணி வாயில வெக்கக் கூடாததுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்விதான். அதனாலேயே என் கோபம் இன்னும் ஏறியது. இரண்டு தண்ணீர் வைத்துக் குடித்தனம் நடத்துவதை உலக வழக்கம் போல நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை அவருக்கு. “அதான் நல்லா கொதிச்சிடுச்சே. ஒண்ணும் ஆவாது, உடு.”

“கொதிச்சா ஷாப்பு கழிவு போயிடுமா?”

“ஷாப்ப மூடிட்டா நாளைக்கு இன்னாத்த துன்னுவ?”

அவர் சம்பளமும் என் சம்பளமும் அந்தத் தோலிலிருந்துதான் வருகின்றன. அதைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் எங்கள் வாயை மூடி வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் கழிவை விட்டவன் எங்கேயோ நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான். அவன் பிள்ளையின் டப்பா மிச்சமில்லாமல் காலியாகத்தான் திரும்பும்.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கொட்டுவதற்குப் பின்கதவைத் திறந்தேன். அதற்குள் பெண் ஆறிப்போன விளிம்பில் விரலால் வழித்து வாய்க்குக் கொண்டுபோனாள். ஓடிவந்து பளாரென்று கையில் அடித்தேன். ஜாம் சுவரெல்லாம் தெறித்தது.

“இதுல கலரே இல்லன்னு சொன்னியேம்மா” என்று தேம்பினாள். ஓரகத்தி அவளைத் தூக்கிக்கொண்டாள்.

அடி வாங்க வேண்டியவன் எவனும் என் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. எட்டியது என் பெண்ணின் கைதான்.