வடக்கைத் தொட்ட படகு

எண்பதுகளில் ஒரு காலை. பழவேற்காடு ஏரியில் நானும், நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவும், என்னோடு பொறியியல் படித்த ரஹீமும் இருந்தோம். எங்கள் படகின் புரோகிராமைச் சரிபார்க்க வேண்டிய ஆசிரியர் வரவில்லை. எனக்குப் பொறுமையில்லை, தானே திசை பார்த்து ஓடும் எங்கள் படகை விட்டேன்.

திசைகாட்டியில் வடக்கு வந்ததும் முந்நூற்று அறுபது பாகை முடிந்து மறுபடி பூஜ்யம் வரும் என்பதைப் புரோகிராமில் எழுத மறந்திருந்தேன். வடக்கைத் தொட்டதும் படகு வட்டமடித்து, ஏகாம்பரம் மாமாவின் இறால் வலையைக் கிழித்தது. குலுக்கலில் அவருக்கு விழுந்த பாடு, அதாவது அந்த இடத்தில் ஒருநாள் வலை போடும் அவர் முறை, அன்றுதான்.

“இன்னாடா, படிச்ச படகுக்கு என் வலைதான் கிடைச்சுதா?”

“மோட்டார் கோளாறு மாமா” என்றேன்.

மோட்டாரைப் பொருத்தியவர் நைனா. என்னை ஒருமுறை பார்த்தார். “ஆமா, என் தப்புதான்” என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்.

உண்மையை ஊரில் நான் இன்னும் சொல்லவில்லை. நட்டத்துக்கு ஈடாக நைனா விட்டுக்கொடுத்தது, தனக்கு வரவேண்டிய மூன்று பாடு.