முப்பது மணி நேர ஊறல்

புது ஷூ பெட்டிக்குள் 'சாப்பிடாதே' என்று எழுதிய ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, அதற்குள் இருக்கும் சிலிக்கா மணிகளைச் செய்வது எங்கள் ஆலை. அண்ணி அங்கே கழுவும் பிரிவில் பத்தொன்பது வருடம். எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான். ஆலையில் அவருக்கு 'வெந்நீர்' என்று பட்டப்பெயர். செய்யும் வேலையும் காரணம், வாயும் காரணம்.

ஒவ்வொரு மணிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் அகலம் அண்ணியின் கையில். அம்மோனியா கலந்த வெந்நீரில், காய்ந்து மணியாகப் போகும் சிலிக்கா கூழ்க்கட்டிகளை முப்பது மணி நேரம் ஊறப்போட்டால் துளை விரியும், சுவர் கெட்டிப்படும். அவசரப்பட்டால், காயும்போது வெளியேறுகிற தண்ணீர் சுவர்களை உள்ளே இழுத்துத் துளையைச் சுருக்கிவிடும். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

போன மாதம் ஒரு மருந்துக் கம்பெனி அகலத் துளை கேட்டிருந்தது. பன்னிரண்டாவது மணியிலேயே மேலாளர் வந்து நின்றார்.

"போதும்மா, எறக்கு. நாளைக்கு லாரி வருது."

"இன்னும் பதினெட்டு மணி நேரம் இருக்கு சார். இப்ப எறக்கினா எல்லாம் அமுங்கிடும்."

"நான் சொல்றேன்ல? எறக்கு!"

பக்கத்துத் தொட்டியில் நின்றிருந்த எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

அண்ணி இறக்கினார். துளை சுருங்கிவிட்டதென்று சரக்கு முழுசும் திரும்பி வந்தது. அண்ணியையும் என்னையும் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே முதலாளி முன்னால் ஒரு தாள் தயாராக இருந்தது: 'நேரம் தெரியாமல் இறக்கியது நானே.' அண்ணி கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் வெளியே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மேலாளரோ கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இவ பக்கத்துலதான் நின்னா. கேளுங்க," என்றார் அண்ணி முதலாளியிடம்.

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. "மோட்டார் சத்தத்துல சரியா கேக்கல சார்," என்றேன். இந்த நாக்கை அறுத்துப் போட்டால்கூட இன்று என் ஆத்திரம் அடங்காது.

அண்ணி தாளை நாலாகக் கிழித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

இரண்டு வாரத்தில் அந்தத் தொட்டியை எனக்கே கொடுத்தார்கள், நிரந்தரமாக. வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நாலு வார்த்தை திட்டு வாங்கினாலாவது மனசு ஆறும் என்றுதான் போனேன்.

கதவைத் திறந்தது அண்ணி.

"நிரந்தரமாயிடுச்சாமே. நல்லா இரு," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.